உழைச்செல்வான்: ஆளற்ற குடிநோயாளரும் கிறிஸ்தவக் கருணையும்

(வேலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சில இங்கே குறைக்கப்பட்டுள்ளன.)

அவைத்தலைவர் அவர்களே, இவ்வறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரே, குருமார்களே, மருத்துவத் துறை நண்பர்களே, லாங் பஜாரில் கடையைச் சற்று முன்னதாகவே அடைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே,



வீடும் உற்றாரும் இல்லாமல், குடியின் பிடியிலிருந்து மீளவும் முடியாமல் தெருவிலே காலங்கழிப்பவர்பால் கிறிஸ்தவக் கருணை எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். நான் மருத்துவனும் அல்லன், குருப்பட்டம் பெற்றவனும் அல்லன். தமிழ் சொல்லிக்கொடுத்தே ஆயுளைக் கழித்தவன். ஆகையால் எனக்குத் தெரிந்த கைமுதலான ஒரு தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்குவதற்கு இந்தச் சபை அனுமதி தர வேண்டும்.

திருவள்ளுவர் பொருட்பாலில் கள்ளுண்ணாமையைத் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாக வைத்தார், அதற்கடுத்துச் சூது, அதற்கும் அடுத்தது மருந்து. குடிப்பவனைப் பத்துக் குறளாலே தயவுதாட்சணியமின்றிக் கடிந்துகொண்ட அதே ஆசிரியர், இரண்டே அதிகாரம் கடந்ததும் வைத்தியத்தைப் பற்றி யோசிக்க உட்காருகிறார். அந்த அதிகாரத்தை முடிக்குமிடத்தில், மருத்துவம் என்பது நான்கு உறுப்புகளை உடையது என்று கணக்குச் சொல்கிறார். நோயுற்றவன் ஒன்று, நோயைத் தீர்ப்பவன் ஒன்று, மருந்து ஒன்று. நான்காவதாக அவர் சொல்பவன் உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலேயே நின்று வேளைக்கு வேளை மருந்தை எடுத்துக் கொடுக்கும் ஆள் அவன். மருத்துவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும், மருந்து எவ்வளவு உயர்ந்ததானாலும், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் வைத்தியம் மூன்று காலில் நிற்கும் நாற்காலிதான் என்பது இதனால் போதரும்.

இந்தச் சொல் வேலூருக்குப் புதியதன்று. ஆஸ்பத்திரிகளால் பேர்பெற்ற நம் ஊரில், சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் போகும் எவரிடமும் 'என்ன உடம்புக்கு?' என்று கேட்டு முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "கூட யாரு வந்திருக்காங்க?" வங்காளத்திலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறவர்களும் இரண்டாம் நாளே இந்தக் கேள்வியைத் தமிழில் கற்றுக்கொள்கிறார்கள்.

நான் இன்று நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே ஒன்று. இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஆளில்லாதவனுக்கு ஆளாக நிற்பதே கிறிஸ்தவக் கருணையின் சாரம். சோறு, துணி, பணம், பிரசங்கம், ஜெபம் ஆகிய ஏனைய யாவும் அதற்குப் பின்னே நிற்பவை. இதனை ஐந்து கூறுகளாகப் பிரித்துச் சொல்லுகிறேன்.

1. ஆள் இல்லை என்பதே முதல் நோய்

சுவிசேஷத்தில் இரண்டு திமிர்வாதக்காரரின் சரிதங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். மாற்கு எழுதியதில், நோயாளி ஒருவனை நான்கு பேர் கட்டிலோடு சுமந்து வருகிறார்கள். கூட்டத்தின் நெருக்கத்தால் வாசல் வழியாக நுழைய முடியாமற்போகவே, வீட்டின் மேற்கூரையைப் பிரித்து அவனை உள்ளே இறக்குகிறார்கள். இயேசு கண்டது அந்தச் சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை என்று அங்கே எழுதியிருக்கிறது. யோவான் எழுதியதிலோ, பெதஸ்தா என்னும் குளக்கரையின் ஐந்து மண்டபங்களுக்குள்ளே முப்பத்தெட்டு வருஷம் நோயோடு கிடந்த ஒருவனைக் காண்கிறோம். சுகமாக விருப்பமா என்று கேட்டதற்கு அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குளத்திலே தன்னை இறக்கிவிட ஓர் ஆள் இல்லை என்று சொல்லுகிறான். கேட்டது நோயைப் பற்றி. அவன் சொன்னது ஆளைப் பற்றி. அவனுடைய அனுபவத்திலே இரண்டும் ஒன்றாகிவிட்டன.

நம் ஊரார் இந்த உண்மையை வைத்திய சாஸ்திரத்திலேயே நிலைநாட்டிக் காட்டியவர்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றால் உயர்ந்த மதில், இரும்புக் கதவு, உறவினர் வாசலோடு திரும்ப வேண்டும் என்றிருந்த காலத்தில், சி.எம்.சி. எனப்படும் நம் ஊர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலே நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்கிச் சமைத்து உண்டு சிகிச்சையில் பங்குபெறும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் என்பவர் ஆஸ்பத்திரி வளாகத்திலே கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்திலேதான். உழைச்செல்வானை மதிலுக்கு உள்ளே அழைத்துக்கொண்ட இந்தக் காரியத்தை உலகம் பின்னர் வியந்து நோக்கியது.

ஆனால் நல்ல ஏற்பாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் உண்டு. குடும்பத்தார் கூட வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்பது குடிநோய்ச் சிகிச்சை நிலையங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டபடியால், குடும்பமே இல்லாதவன் வாசற்படியிலேயே நிற்கிறான். இரவுக் காப்பகத்துக்குப் போனால், குடித்திருப்பவனுக்கு இடமில்லை என்கிறார்கள். குடியை விட்டால்தான் படுக்க இடம். படுக்க இடமிருந்தால்தான் குடியை விட முடியும். இந்த இரண்டு கதவுகளுக்கு நடுவே உள்ள நடைபாதைதான் அவனுடைய விலாசம்.

இதன் அளவையும் சொல்லவேண்டும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு நம் தேசத்தில் வீடற்றவராக எழுதியவர்கள் பதினேழு லட்சத்துக்கும் அதிகம். புதுதில்லி எய்ம்ஸ் நிறுவனத்தார் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமைப்பட்டவர் ஏறக்குறைய 2.9 கோடிப் பேர். அவர்களில் ஏதேனும் ஒரு சிகிச்சையாவது பெற்றவர் முப்பத்தெட்டுப் பேருக்கு ஒருவர். உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர் நூற்றெண்பது பேருக்கு ஒருவர். குளக்கரையில் முப்பத்தெட்டு வருஷம், இங்கே முப்பத்தெட்டில் ஒருவர் என்பது எண்களின் தற்செயலான ஒற்றுமைதான். குடும்பம் உள்ளவர்களையும் சேர்த்துப் பார்த்தே கணக்கு இப்படியென்றால், ஆளற்றவரின் கதி என்ன என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2. கேளாத இரக்கம் கொலையிலும் முடியலாம்

இங்கே என் சொந்தக் குடும்பத்துக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியவனாயிருக்கிறேன்.

என் தகப்பனார் லாங் பஜாரில் கயிறும் சாக்கும் விற்றார். எண் போட்ட பலகைகளை வரிசைப்படி கோத்து அடைக்கிற பழைய மாதிரிக் கடை. அந்தக் கடைப்படியிலே ஒருவர் இரவில் படுத்துக்கொள்வார். ஆம்பூரிலே தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர் என்பதால் எல்லோரும் அவரை ஆம்பூரார் என்றே அழைத்தோம். குழியின் நாற்றம் மூக்கை விட்டுப் போவதற்காகக் குடிக்கத் தொடங்கியதாக அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். விடியற்காலையில் மண்டிக்கு லாரிகள் வந்ததும் மூட்டை இறக்கப் போவார். போவதற்கு முன் எதிர்க்கடையில் தேநீர் குடிப்பார். தேநீர் போடுகிறவர் அவருக்கு மாத்திரம் கிளாசில் பாதிதான் ஊற்றுவார். காசு குறைவு என்பதற்காக அன்று, முழுக்க ஊற்றினால் கை நடுக்கத்தில் பாதி மார்பிலே கொட்டிவிடும் என்பதற்காக. அந்த மனிதரைப் பற்றி அந்தத் தெருவிலே ஒருவருக்கு இருந்த மெய்யறிவு அது ஒன்றுதான் என்று பிற்காலத்தில் நினைத்ததுண்டு.

அது 1972-ஆம் வருஷம். மதுவிலக்கு 1937-இல் சேலத்தில் தொடங்கி, 1939-இல் நம் வட ஆர்க்காட்டுக்கும், 1948-இல் மாகாணம் முழுமைக்கும் வந்து, 1971-இல் விலக்கிக்கொள்ளப்பட்டு, ஊரெங்கும் சாராயக் கடைகள் திறந்திருந்த சமயம். லெந்து நாட்களிலே என் தகப்பனாருக்கு ஒரு பக்தி வைராக்கியம் பிறந்தது. "மூணு நாளு உள்ள கெடந்தா எல்லாம் தெளிஞ்சுடும்" என்று சொல்லி, ஆம்பூராரைக் கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் விட்டு, ஒரு பானைத் தண்ணீரும் கஞ்சியும் வேதப்புத்தகமும் வைத்து, வெளியே பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவரைக் கேட்கவில்லை, கேட்பது அவசியம் என்றும் தோன்றவில்லை.

முதல் நாள் வியர்வையும் நடுக்கமும். இரண்டாம் நாள் இரவு கிடங்கிலிருந்து அலறல் கேட்டு, லாந்தரோடு தகப்பனார் போக, நானும் பின்னாலேயே போனேன். சாக்குக் கட்டுகளின் மேல் ஏறி மூலையில் ஒடுங்கி நின்ற அவர், தம் கைமேல் ஊராத எறும்புகளைத் தட்டிவிட்டுக்கொண்டே, கிடங்கு முழுவதும் சுருள் சுருளாகக் கிடந்த தேங்காய் நார்க் கயிறுகளைக் காட்டி, "பாம்பு, மொதலாளி, பாம்பு" என்று கத்தினார். வேதாந்திகள் மாயையை விளக்கக் கயிற்றரவு என்று உவமை சொல்லுவார்கள். அந்த இரவில் அது உவமையாக இல்லை. சற்று நேரத்தில் வலிப்புக் கண்டு விழுந்தார். மூட்டை ஏற்றும் கைவண்டியிலே அவரைக் கிடத்தி, தகப்பனாரும் இரண்டு கூலியாட்களும் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

இதன் காரணத்தை இன்று எந்த மருத்துவ மாணவரும் சொல்லுவார். நெடுங்காலம் ஓயாமல் குடித்த மூளை, சாராயத்தின் அமுக்கத்துக்கு எதிராகத் தன்னைத்தானே உந்திக்கொண்டு நிற்கப் பழகிவிடுகிறது. அமுக்கத்தைத் திடீரென எடுத்துவிட்டால், கையால் அழுத்திய வில்கம்பி துள்ளுவதுபோல் அது துள்ளுகிறது. சில மணி நேரத்தில் நடுக்கம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளிலே சன்னி வரலாம். மருந்தில்லாமல் விட்டால் உயிரும் போகலாம். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பதும், தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தைத் தாமதமின்றி ஏற்றுவதும் இதற்குரிய முறை. ஆதலால் குடியை நிறுத்து என்ற உபதேசத்தைப் பல வருஷம் குடித்த ஒருவனிடம் சொல்ல வருபவர், எங்கே, யார் மேற்பார்வையில் என்பதையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவராயிருக்க வேண்டும். தெரியாத இரக்கம், தெரிந்த பகையைக் காட்டிலும் கொடிது.

குளக்கரையில் இயேசு முதலிலே செய்தது கேட்டது. முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவனிடம் விருப்பத்தைக் கேட்பது வீண் உபசாரமாகத் தோன்றலாம். ஆனால் தெருவிலே வாழ்பவனுக்கு அடி கிடைக்கிறது, அதட்டல் கிடைக்கிறது, அபூர்வமாகப் பொட்டலமும் கிடைக்கிறது. கேள்வி மாத்திரம் கிடைப்பதில்லை. 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்பது அவனை மறுபடியும் மனிதர் வரிசையில் உட்கார்த்திவைக்கும் செயல். பூட்டுவதோ, அன்பினாலே பூட்டினாலும், அவனை மறுபடியும் சரக்காக்கிவிடுகிறது.

3. வலி தெரியாத உடம்பும் பிச்சைக்கு உதவாத கையும்

வேலூருக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயைப் பற்றி உலகம் வைத்திருந்த ஓர் அபிப்பிராயத்தை மாற்றினார். விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்று எல்லோரும் நம்பியிருக்க, நரம்புகள் உணர்விழந்தபடியால் சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல் உபயோகித்து உபயோகித்தே கைகால்கள் அழிகின்றன என்று அவர் கண்டார். வலி ஒரு தண்டனையன்று, காவற்காரன் என்பது அவர் ஆயுள் முழுதும் சொல்லிவந்த பாடம்.

குடிநோயிலும் இதை ஒத்த ஒன்று உண்டு. வருஷக் கணக்கான குடியும் ஊட்டக் குறைவும் பாதங்களின் நரம்புகளை மரக்கச் செய்கின்றன; நடைபாதையில் கிடப்பவரின் குதிகாலில் ஆறாத புண் இருப்பதும், அதிலே ஈ மொய்ப்பதை அவர் பாராட்டாமலிருப்பதும் சொரணை கெட்ட குணத்தால் அன்று, சொரணை கெட்ட நரம்பால். மனத்தின் காரியமும் அவ்வாறே. இழந்த வீட்டையும் பிள்ளைகளையும் நினைக்கும் வலியை மரக்கடிக்கத்தான் அவர் குடிக்கிறார். போதை தெளிந்தவுடன் அந்த வலி வட்டியோடு வந்து நிற்கிறது. குடியை மட்டும் பிடுங்கிக்கொண்டு வலியோடு அவரைத் தனியே விடுவது, மயக்க மருந்தை எடுத்துவிட்டு அறுவையைத் தொடர்வது போலாகும்.

பிராண்டின் வரலாற்றில் இன்னொரு பாடமும் இருக்கிறது. மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்திக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் ஒருவர், சில காலம் கழித்துத் திரும்பிவந்து, இந்தக் கை பிச்சைக்கு உதவாத கை என்று முறையிட்டாராம். கோணல் கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள் நேரான கைக்குப் போடவில்லை. தொழுநோயாளி என்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை. இருக்க வீடு கொடுப்பாரும் இல்லை. அறுவை வெற்றி, வாழ்வு தோல்வி. அந்த முறையீட்டிலிருந்து எழுந்ததுதான் 1951-இல் பாகாயத்தில் உண்டான நவஜீவ நிலையம்: சில குடிசைகள், தச்சுவேலை, பொம்மை செய்யும் பட்டறை, சொந்த உழைப்பிலே நிற்கும் பழக்கம். வைத்தியம் முடிந்த இடத்தில் நவஜீவனம் தொடங்கவேண்டும் என்பதை அந்தப் பெயரே சொல்லிற்று.

இருபத்தொரு நாள் சிகிச்சை முடித்து, முகத்திலே தெளிவோடு, கையிலே மாத்திரைச் சீட்டோடு ஒருவர் வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவு அவர் எங்கே படுப்பார்? பழைய கடைப்படியிலே, பழைய சிநேகிதர் நடுவே, குவார்ட்டரைப் பங்கு போட ஆள் தேடும் பழைய குரல் காதில் விழும் தூரத்திலே. நகரங்களில் லட்சம் ஜனத்தொகைக்கு நூறு பேர் தங்கத்தக்க காப்பிடம், தலைக்கு ஐம்பது சதுர அடி என்பது அரசாங்கத்தார் திட்டத்திலே எழுதியிருக்கும் அளவு. அந்த ஐம்பது சதுர அடிதான் மாத்திரையின் வீரியத்தைத் தீர்மானிக்கிறது. நியூயார்க்கிலே 1992-இல் ஸாம் ட்ஸெம்பெரிஸ் என்பவர் முறையையே தலைகீழாக்கி, முதலில் வீட்டுச் சாவி, மற்றவை பின்பு என்று தொடங்கினார். பின்லாந்து தேசம் 2008 முதல் அதையே அரசாங்கக் கொள்கையாக்கிக்கொண்டது. பெதஸ்தாவில் குணமானவன் தன் படுக்கையைத் தானே எடுத்துக்கொண்டு போனான் என்று வாசிக்கிறோம். எடுத்துக்கொண்டு போய் விரிப்பதற்கு ஓர் இடம் அவனுக்கு இருந்திருக்க வேண்டும் என்பதை நாம் யோசிப்பதில்லை.

4. மறுபடியும் காண்பதே கருணை

இந்த ஊழியத்தில் ஈடுபட்ட நல்லவர்களைச் சோர்வடையச் செய்வது ஒரு கேள்வி: எத்தனை தரம்? வேலை வாங்கிக் கொடுத்தோம், மறுபடி குடித்தான். சட்டை கொடுத்தோம், விற்றுக் குடித்தான். சபையிலே சாட்சி சொன்னான், மறுவாரம் சாக்கடையிலே கிடந்தான். இந்தக் கோபத்தில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குடிநோய் சறுக்கிச் சறுக்கி ஏறும் நோய். சர்க்கரை நோயாளிக்கு மறுபடியும் சர்க்கரை ஏறினால் அவனை நன்றிகெட்டவன் என்று நாம் ஏசுவதில்லை. குடிகாரன் என்ற சொல்லை விட்டுக் குடிநோயாளி என்று தமிழர் சொல்லத் தொடங்கியிருப்பது வெறும் மரியாதைக்காக அன்று. கணக்கு வைக்கும் முறையே அதனால் மாறுகிறது.

நல்ல சமாரியன் கதையை எல்லோரும் எண்ணெய் வார்த்துக் காயம் கட்டிய இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். எனக்கு முக்கியமாகப்படுவது அதன் கடைசிப் பகுதி. அவன் அடிபட்டவனைச் சத்திரத்திலே சேர்த்து, ஒரு கூலியாளின் இரண்டு நாட் கூலியை முன்பணமாகக் கட்டி, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போகிறான். மேற்கொண்டு செலவாகும் என்பதை முதலிலேயே எதிர்பார்த்த தர்மம் அது. கணக்கை முடிக்காமல் திறந்தே வைத்த தர்மம். சத்திரக்காரனுக்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லோ, எல்லாரையும் ஏற்பவன் என்று பொருள்படும். பெதஸ்தாக் கதையிலும் குணமானவனை இயேசு பின்பு ஆலயத்திலே மறுபடியும் காண்கிறார். இனிப் பாவம் செய்யாதே என்ற எச்சரிக்கையை அப்பொழுதுதான் சொல்லுகிறார், முந்தி இல்லை. உபதேசத்துக்கும் இடமுண்டு, அது இரண்டாம் சந்திப்பிலே, எழுந்து நிற்பவனிடத்திலே.

அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்திலே 1935-இல் இரண்டு குடிநோயாளிகள் கூடித் தொடங்கிய ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் கண்டுபிடித்த இரகசியமும் இதுவே. குடியிலிருந்து மீளுகிறவன் இன்னொரு குடிநோயாளிக்கு உழைச்செல்வானாக நிற்கும் வரையில் தானும் நிற்கிறான். கிறிஸ்தவ ஜெபக் கூட்டங்களின் பாவ அறிக்கையிலிருந்து பிறந்த அந்த இயக்கம், கடவுளை அவரவர் அறிந்தபடியே அறிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. இன்று தமிழ்நாட்டிலே எத்தனையோ தேவாலயங்களின் பின்கட்டிலும் பள்ளிக்கூட வகுப்பறைகளிலும் மாலை வேளைகளில் பத்துப் பேர் கூடி, தம் பேரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்குகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு நாள் என்பதே அவர்கள் கணக்கு. பம்பாயில் பாந்திராவிலே தாமே குடிநோயிலிருந்து மீண்டவரான ஜோ பெரேரா என்னும் குருவானவர் 1981-இல் தம் கோயிலை ஒட்டிக் கிருபா நிறுவனத்தைத் தொடங்கி, அந்த இயக்கத்தின் பன்னிரண்டு படிகளோடு யோகாசனத்தையும் இணைத்தார். விழுந்தவனின் பக்கத்திலே நிற்கத் தகுந்தவன், விழுந்து எழுந்தவன்.

5. பெயர் தெரியாத உபகாரி

பெதஸ்தாக் கதையில் நான் மிகவும் வியப்பது இது: குணமானவனுக்குத் தன்னைக் குணமாக்கியவர் யார் என்பதே தெரியாது. கேட்டவர்களுக்கு அவனால் பெயர் சொல்ல முடியவில்லை. விசுவாச அறிக்கை கேட்கப்படவில்லை, ஞானஸ்நானம் பேசப்படவில்லை. நன்மை முதலில் வந்தது. பெயர் வெகுநேரம் கழித்து வந்தது. கிறிஸ்தவர்களாகிய நாம் இதை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். நடுங்குகிற கையிலே துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டால்தான் கஞ்சி என்று சொல்லும் தர்மம், இருவகையிலும் நஷ்டம்: கஞ்சியும் மலிவாகிறது, சுவிசேஷமும் மலிவாகிறது. பசித்தவனின் சம்மதம் சம்மதமன்று.

லண்டன் குடிசைப் பகுதிகளிலே குடியர் நடுவில் ஊழியம் தொடங்கிய வில்லியம் பூத்தின் இரட்சணிய சேனை, 1882-இல் பம்பாயில் கால்வைத்தபோது, பிரெடரிக் டக்கர் என்னும் முன்னாள் அரசாங்க அதிகாரி தம் பேரைப் பக்கீர் சிங் என்று மாற்றிக்கொண்டு, காவி உடுத்து, வெறுங்காலோடு நடந்தார். அவருடைய கொள்கை முழுவதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் உதவி பெறுகிறவன் மாறவேண்டும் என்று கேட்குமுன் உதவி செய்கிறவன் தன் செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற அந்த உணர்வு மறக்கத்தக்கதன்று.

இத்துறையில் நாம் தனி உரிமை கொண்டாட இயலாது. இராமலிங்க அடிகள் வடலூரில் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு ஜாதியும் மதமும் கேளாமல் இன்றும் எரிகிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் ரமலான் மாதத்துக் கஞ்சி மதம் விசாரிக்காமல் பாத்திரத்தில் விழுகிறது. எல்லாவற்றுக்கும் முன்னே, பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையின் நாயகி, சோழ மன்னன் வரம் கொடுக்க முன்வந்தபோது தனக்காக ஒன்றும் கேளாமல், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தரும்படி கேட்டாள். தெருவிலே இருப்பவனை 1945-ஆம் வருஷத்துப் பிச்சைத் தடுப்புச் சட்டத்தின் கண்ணோடு பார்ப்பதா, அவளுடைய கண்ணோடு பார்ப்பதா என்பது இன்றும் நம் முன் நிற்கும் வினா.

நல்லவேளையாக, சட்டமும் அவள் பக்கம் ஓரடி நகர்ந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவினால் விளையும் மனக்கோளாறுகளையும் மனநோய் என்பதிலே அடக்கி, வீடற்றவருக்கு அரசாங்க மனநல நிலையங்களில் இலவசச் சிகிச்சை உரிமையையும் தந்திருக்கிறது. அதில் நியமனப் பிரதிநிதி என்றொரு ஸ்தானம் உண்டு; நோயாளியின் பக்கத்திலே நின்று, அவருக்காகப் பேசி, முடிவெடுக்கத் துணைசெய்பவர். உறவினர் எவரும் இல்லாதபோது, மனநோயாளருக்காக உழைக்கும் பதிவுபெற்ற சங்கம் ஒன்றின் ஆள் தற்காலிகமாக அந்த இடத்திலே நிற்கலாம் என்று சட்டமே இடம் வைத்திருக்கிறது. வள்ளுவர் சொன்ன நான்காம் உறுப்புக்குப் பாராளுமன்றம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. அதிலே உட்கார ஆள் வேண்டும்.

முடிவுரை

ஆகவே பெரிய கட்டடத்துக்கு நன்கொடை கேட்க நான் வரவில்லை. இந்நகரத்தின் ஒவ்வொரு சபையிலும் பத்துப் பேர் தங்கள் பேரை ஒரு தாளில் எழுதிக்கொடுக்கட்டும். ஆளற்ற குடிநோயாளி ஒருவர் ஆஸ்பத்திரியிலே சேரும்போது முறைவைத்து இரவில் பக்கத்திலே இருக்க ஒருவர். மாத்திரை வேளையை நினைவில் வைக்க ஒருவர். வெளியே வரும் நாளில் அழைத்துப்போய் ஓரிடத்திலே சேர்க்க ஒருவர். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் அதற்கும் அடுத்த செவ்வாய்க்கிழமையும் போய்ப் பார்க்க ஒருவர். இதற்குக் கல்வி வேண்டும். நடுக்கத்துக்கும் சன்னிக்கும் வித்தியாசம் அறியும் அளவுக்காவது மருத்துவ நண்பர்கள் நமக்குக் கற்பிக்க வேண்டும். மேற்பார்வை வேண்டும், சங்கமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இவையெல்லாம் நாளடைவில் ஆகக்கூடியவை.

ஆம்பூரார் பிழைத்துக்கொண்டார் என்பதைச் சொல்ல மறந்தேன். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்களாம். எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை; தகப்பனாருக்குப் பயமும் வெட்கமும். ஆம்பூரார் எங்கள் கடைப்படிக்குத் திரும்பவேயில்லை. லாங் பஜாரிலே மண்டிக்காரர் எவரும் அவரைப் பின்னர் கண்டதாகச் சொல்லவும் இல்லை.

தகப்பனார் இதைப்பற்றி ஒரே ஒரு தரம்தான் என்னிடம் பேசினார். அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது, நான் அவருக்கு மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்திலே. அந்த இரவு சீட்டு எழுதினவர் "கூட யாரு?" என்று கேட்டாராம். இவர் சற்று நேரம் பேசாமல் நின்று, "தெரிஞ்சவரு" என்றாராம். உறவு என்றிருந்த கட்டத்தில் அதை எழுத முடியாது என்று சொல்லி, அவர் அங்கே ஒரு கோடு இழுத்துவிட்டாராம்.

"பூட்டி வச்சது தெரியாம செஞ்சது. அந்தக் கோடு, நான் பாத்துக்கினு இருக்கும்போது போட்டது" என்றார்.

பேர் எழுதும் தாள் வாசலண்டை மேசைமேல் இருக்கிறது.